ஒருவன் ஊராக ஓடிய இரவு

பதினெட்டு உறுதிகள் விழும்வரை
காத்திருந்தான் நுக்ரி.
ஆறே போதும் என்று கையேட்டில்
நான்தான் எழுதிவைத்திருந்தேன்.
மலைக்காரன், மும்மடங்கு காத்திருந்தான்.
வண்டி வாங்க வந்தவன்
அதுவரை அடுப்படியில் அமர்ந்து
பாலாடைக்கட்டி ரொட்டி தின்று
கன்றுக்குட்டியின் பெயர் கேட்டான்.
இன்னும் வைக்கவில்லை என்றாளாம் சியூரி.

மாட்டுத் தொழுவத்தில் ஆறு இயந்திரங்கள்.
ஸ்வானெத்தி மலையில் மின்சாரம் மலிவு,
பனி அதைவிட மலிவு.
அவை கணக்குப் போட்ட சூட்டில்
கன்று உறங்கும்.
ஒன்றின் விசிறியில் மட்டும் வைக்கோல் சிக்கி
கரகரக்கும்.

பதினெட்டாவது விழுந்ததும்
டெலிகா வேனின் சாவி கைமாறியது.
நான்காவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று
சொல்லியும் அனுப்பினான்.

இரவு இரண்டு பத்து.
திபிலிசியில், ஐந்தாம் மாடியில்,
பல் துலக்காமல் படுத்த என்னைத்
தொலைபேசி எழுப்பியது.
திரையில் ஒரே வரி:
மறுசீரமைப்பு, ஆழம் நாற்பத்து மூன்று.

நாற்பத்து மூன்று கண்ணிகள் கழன்று விழுந்து
வேறு நாற்பத்து நான்கு கோத்திருந்தன.
பூட்டு உடையவில்லை.
கடவுச்சொல் களவு போகவில்லை.
ஒரு கையெழுத்துகூடப் பொய்யில்லை.
நீளமான சங்கிலியே மெய் என்பது விதி;
நீளமாக ஒன்றை
இருட்டில் கோத்து எடுத்துவந்தான் எவனோ.
அதில்
நுக்ரிக்குக் காசு கொடுத்த பொழுதே இல்லை.
அதே காசு, அதே நேரம்,
கொடுத்தவனின் இன்னொரு பைக்கே போயிருந்தது.

கணக்குப் போடும் வலு வாடகைக்குக் கிடைக்கிறது,
கல்யாணத்துக்கு நாற்காலி எடுப்பதுபோல,
மணிக்கு இவ்வளவு என்று.
ஐந்து மணி நேரத்துக்கு என்ன ஆகும்?
பிறகு பார்த்தேன்.
வேனின் நான்கு டயர் விலை.

ஊர் ஓடினால் ஒத்து ஓடு,
ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு.
முதல் பாதியை மட்டும்
நிரலாக்கி வைத்திருந்தோம் நாங்கள்.
ஒருவன் ஊராக ஓடிவந்தால் என்ன செய்வதென்று
பழமொழியிலும் இல்லை.

நாணயத்துக்குக் கோஷ்கி என்று பெயரிட்டிருந்தோம்,
எங்கள் மொழியில் கோபுரம்.
நுக்ரியின் வீட்டை ஒட்டி நிற்கிறது ஒன்று,
எண்ணூறு வருஷத்துக் கல்.
ராஜா இல்லாத மலையில்
வீட்டுக்கு ஒரு கோபுரம்;
ஆபத்து வந்தால் மேலேறி
ஏணியை இழுத்துக்கொள்வார்கள்.
விளம்பரத்தில் அதைத்தான் படமாகப் போட்டோம்.
யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பக்கத்து வீட்டுக்காரனுக்கு, என்றான் நுக்ரி,
நான் போய் நின்ற அன்று.
அதனால்தான் அவன் வீட்டிலும் ஒன்று.

யாரிடம் போய் முறையிடுவது என்று கேட்டான்.
யாரும் இல்லை.
அதைத்தானே பெருமையாக விற்றோம்.

தொழுவத்துத் திரையைக் காட்டச் சொன்னான்.
இரண்டு பன்னிரண்டுக்கு
அவனுடைய ஆறு இயந்திரங்களும்
புதிய சங்கிலிக்குத் தலையாட்டியிருந்தன,
வைக்கோல் சிக்கியதும் சேர்த்து.
இவனுக்கு யாரும் பணம் தரவில்லை என்று
இவன் மின்சாரத்தில்
இவன் தொழுவத்திலிருந்தே சாட்சி.
வேலி பயிரை மேய்ந்தால்
வேலிக்குப் பசி என்றாவது சொல்லலாம்.
இவற்றுக்குப் பசியில்லை, பகையில்லை.
நான் எழுதிய விதியை
நல்ல பிள்ளைகளாக நடத்திவைத்தன.

நுக்ரி ஒன்றும் சொல்லவில்லை.
பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
கடைசி விசிறி நின்றபோது
கீழே ஆறு ஓடுவது கேட்டது.

திபிலிசி திரும்பி
ஆறு என்றிருந்த இடத்தில் நூறு என்று மாற்றினேன்.
ஒரே ஒரு எண்.
திருத்தத்துக்குக் காரணம் கேட்ட கட்டத்தில்
வேன் என்று எழுதி, அழித்துவிட்டு
பாதுகாப்பு மேம்பாடு என்று போட்டேன்.

நேற்று சியூரி ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
இயந்திரங்கள் இருந்த மூலையிலேயே
இன்னும் போய்ப் படுக்கிறதாம் கன்று,
வெறும் சிமென்ட்டின்மேல்.
பெயர் வைத்துவிட்டார்களாம்.
என்ன பெயர் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.